மேற்குச் சுவருக்கு அக்கா அடித்த பலகை

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அக்கா போய் முப்பத்தொரு நாள் ஆகியிருக்கும். காலையில் ஐயர் வந்து வீட்டுக்கிருத்தியம் செய்து முடித்து, பந்தி எழும்பி, கை கழுவிக்கொண்டு நீங்கள் செருப்பைத் தேடும் நேரத்தில் வாசலில் நின்று ஆளுக்கொன்றாய் நீட்டுவோம். வீட்டுக்குப் போய்த் தேவாரப் பக்கங்களைத் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வருபவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேருக்கு, அக்காவின் தம்பியாகிய நான் எழுதுவது.

எனக்கு இந்த நினைவு மலர்கள் என்றாலே ஒரு வெறுப்பு. எங்கள் வீட்டு அலுமாரியில் நாற்பது ஐம்பது கிடக்கின்றன. எல்லாவற்றிலும் செத்தவர்கள் எல்லோரும் சாந்த சொரூபிகள், இன்முகம் மாறாதவர்கள், ஒருவரையும் நோகப் பேசாதவர்கள். அப்படியென்றால் நான் உயிரோடு கண்ட ஆட்கள் யார்? அக்கா இன்முகத்தவர் அல்லர். அவருக்கு அருவருப்பு வெகு சீக்கிரம் வரும், வந்தால் மூக்குச் சுருங்கும், சுருங்கினால் "அரியண்டம்!" என்ற சொல் வெளியே வந்தே தீரும். அழுகின மீனுக்கும் அந்தச் சொல்தான், பொய் சொல்பவனுக்கும் அந்தச் சொல்தான். அதை மறைத்து எழுதினால் இது வேறு யாரோ ஒருவருடைய மலர் ஆகிவிடும்.

அக்கா பிறந்தது வடமராட்சியில். மூன்று வயதிலேயே கொழும்புக்கு வந்துவிட்டபடியால் ஊரைப் பற்றிப் பெரிதாகக் கதைக்க மாட்டார். அப்பா துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞர். பிள்ளைகள் மூவர்: அண்ணா, அக்கா, நான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கடைசிக்கு முதல் வீட்டை அப்பா வாங்கினார். வாங்கிய அன்றே சொல்லிவிட்டார், இது பெண் பிள்ளைக்குச் சீதன வீடு என்று.

அங்கேதான் பிழை தொடங்கியது. வீட்டின் மேற்குப் பக்க அறை அரைகுறையாகக் கட்டியிருந்தது. கடலைப் பார்த்த வெளிச்சுவருக்குப் பூச்சே இல்லை, வெறும் சீமெந்துக் கல். "பூசுவிப்பம்" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரே பதில்: "வாற மாப்பிள்ளைக்கு என்ன விருப்பமோ ஆர் கண்டது? அவர் வந்து தன்ர எண்ணத்துக்குச் செய்யட்டும்." வராத மாப்பிள்ளைக்காக ஒரு சுவரை உப்புக்காற்றுக்குத் திறந்து விட்டு வைத்த ஆட்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவதும் அப்படியே. கலியாண எழுத்தோடு அக்காவின் பெயருக்கு மாற்றலாம் என்று சொல்லி, அப்பாவுக்குச் சுகமில்லாமல் வந்தபோது தற்காலிகமாக அண்ணாவின் பெயருக்கு எழுதி வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் முப்பது வருடத்துக்கு மேல் நீண்டது.

கடற்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் மழை மேலிருந்து விழாது, கடலிலிருந்து கிடையாக வரும். வெறும் கல் அதை உறிஞ்சிக் குடிக்கும். உள்ளே ஓதம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், உப்புப் பூத்துப் பூத்து உதிரும். அக்காவின் கட்டில் அந்த அறையில்தான். முப்பது வயதிலேயே அவருக்கு முட்டு வருத்தம் வந்துவிட்டது. ஆனி, ஆடி மாதங்களில் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் கூடத்தில் படுத்திருக்கும் எங்களுக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். அதுவும் உண்மைதான், எழுதத்தான் வேண்டும்.

சுவருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அக்காவைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளைப் பகுதி வருகிறது என்றால் அந்த வாரம் மேற்குச் சுவருக்குப் பெயின்ற் அடிப்போம். ஓதத்தின் மேலேயே அடிப்போம். வருபவர்கள் ஒழுங்கையால் நடந்து வரும்போது முதலில் தெரிவது அந்தச் சுவர்தானே! அவர்கள் வடை சாப்பிட்டு, சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்ப, இரண்டு மாதத்தில் பெயின்றும் கொப்பளித்து உரிந்துவிடும். அடுத்த பகுதி வரும்போது மறுபடி அடிப்போம். நிறத்தை அம்மா தெரிவு செய்வார், தூரிகை பிடிப்பது நான். சீ, அரியண்டம்!

அப்பாவும் அம்மாவும் போனார்கள். அண்ணா கனடாவுக்குப் போய், அங்கே வீடுகளின் வெளிச்சுவருக்குச் சைடிங் என்று மேற்பலகை அடிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு தானே ஆட்களை வைத்து நடத்துமளவுக்கு வந்தார். நான் கலியாணம் செய்து கல்கிசைக்கு வந்துவிட்டேன். அக்கா பம்பலப்பிட்டியில் ஒரு மகளிர் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்தார். போத்தல் கழுவுவதில் தொடங்கி, கடைசியில் புதிதாக வரும் விஞ்ஞான ரீச்சர்மாரே "அக்கா, இது எப்பிடிச் செய்யிறது?" என்று கேட்கும் நிலைக்கு வந்து இளைப்பாறினார்.

இளைப்பாறிய வருடம் அண்ணா போன் எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

"தங்கச்சி, அந்தச் சுவர் இனி நிக்காது. உப்புத் திண்டு போச்சு. வித்துப்போட்டு உனக்குப் பக்கத்திலயே வாடகைக்கு ஒரு அனெக்ஸ் வீடு எடுத்துத் தாறம்."

"இவ்வளவு காலம் ஓதத்தில கிடந்தது வாடகை அனெக்ஸுக்குப் போகவோ?" என்றார் அக்கா.

"அப்ப நீயே திருத்திக் காட்டு பாப்பம். அந்தச் சுவர் ஒரு சோளகம் நனையாமத் தாங்கட்டும், வீட்டை உன்ர பேருக்கே எழுதித் தாறன். நான் சொன்னாச் சொன்னதுதான்."

அண்ணா அதைச் சொன்ன தொனியில் பாதிச் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. அறுபது வயதில், இது என் வீடு என்று சொல்லிக்கொண்டு கண்ணை மூட ஒரு வழி அவருக்குக் கிடைத்திருந்தது. அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கினார். இளைப்பாறும்போது கிடைத்த காசு முழுவதும் அந்தச் சுவருக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டார்.

உப்பேறிய கல்லில் இனிப் பூச்சு நிற்காது, வெளியே ஏதாவது பலகை அடித்துத்தான் மூட வேண்டும். அடிப்பது என்றால் எதை அடிப்பது? இங்கேதான் எங்கள் எல்லோரின் வண்டவாளமும் வெளியே வந்தது.

அண்ணா ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே கனடாச் சைடிங் துண்டுகள், பிளாஸ்ரிக். கூடவே நிறம் பார்க்கிற புத்தகம். "இஞ்ச எல்லா வீட்டுக்கும் இதுதான். ஒரு கொன்ரெய்னரில போட்டு அனுப்பிறன், காசு வேண்டாம்" என்று செய்தி. நான் என் பங்குக்கு, காலி வீதியில் வங்கிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் அடித்திருக்கிறார்களே, கண்ணாடி மாதிரி மினுங்கும் அலுமினியத் தகடு, அதைச் சிபாரிசு செய்தேன். கூட்டிக்கொண்டும் போனேன். குளிரூட்டிய கடை. கழுத்துப்பட்டி கட்டிய பெடியன் ஒருவன் வந்து, "மிஸ், இது லைஃப்டைம் கியாரண்டி" என்றான்.

"ஆற்ர லைஃப்?" என்று கேட்டார் அக்கா.

அக்கா தகட்டின் விளிம்பை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். மேலே கடதாசி போல அலுமினியம், நடுவில் கறுப்புப் பிளாஸ்ரிக், கீழே மறுபடி கடதாசி. "உது சான்விச்" என்றார். "கடல் காத்து விளிம்பாலதான் உள்ளுக்குப் போகும். தம்பி, உனக்குக் கண் மினுக்கத்துக்குத்தான் போகுது, அப்பாவைப் போலவே இருக்கிறாய்." கடைக்காரனுக்கு முன்னால் சொன்னார். எனக்குப் பொல்லாத கோபம்.

ஆனால் அவர் வெறும் வாயால் தீர்ப்புச் சொல்கிற ஆள் அல்ல. ஒவ்வொரு சாமானிலும் ஒரு துண்டு வாங்கி, மேல்மாடிக் கைப்பிடிச் சுவரில் கடலைப் பார்க்கக் கம்பியால் கட்டி வைத்தார். புறக்கோட்டை இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி விதவிதமான ஸ்குரு ஆணிகள் வாங்கி வந்து, கடல் தண்ணீர் நிரப்பிய ஜாம் போத்தல்களில் ஒவ்வொன்றாய்ப் போட்டு, கடையின் பெயரையும் ஆணியின் வகையையும் எழுதி ஒட்டினார். நல்ல வெளிச்சம் வருவது சாமியறை யன்னலில் என்பதால் போத்தல்கள் எல்லாம் அங்கே. பிள்ளையாரும் முருகனும் ஒரு பக்கம், துருக் கறள் ஏறிய தண்ணீர் மறு பக்கம். விருந்தாட்கள் வந்தால் தேத்தண்ணி வருவதற்கு முதல் போத்தல் தரிசனம்தான். "மேவா மலகட கன்னே நே மிஸ்" என்று, கறளே பிடிக்காது என்று, சிங்களத்தில் சத்தியம் செய்து ஒரு முதலாளி கொடுத்த ஆணி மூன்றாம் நாள் தண்ணீரைத் தேயிலைச் சாயமாக்கியது. அக்கா அந்தப் போத்தலை மூடியோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய் அந்த முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். மூக்கு மட்டும் சுருங்கியிருக்கும்.

ஒரு சோளகம் முழுக்க அந்தத் துண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. எதிரே புதிதாக எழும்பிய மாடிக் கட்டடத்தின் கண்ணாடிகள் பின்னேர வெயிலைத் திருப்பி எங்கள் பக்கம் அடித்ததில் அண்ணாவின் பிளாஸ்ரிக் நெளிந்து அப்பளமாயிற்று. மினுங்கும் தகட்டின் விளிம்பு வாய் பிளந்தது. சீமெந்தும் நாரும் சேர்த்து அழுத்திய பலகை மட்டும் நெளியவும் இல்லை, பிளக்கவும் இல்லை, ஆனால் வெட்டிய விளிம்பால் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. விளிம்புக்குத் தண்ணீர் புகாத மருந்து பூசிய துண்டு ஊதவில்லை. "அப்ப இதுதான். வெட்டிற வெட்டுக்கெல்லாம் பூசவேணும்" என்று கொப்பியில் எழுதினார்.

நெளிந்த துண்டைப் படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்பியதுதான் அக்கா செய்த வினை. சொந்தத் தொழிலைத் தங்கச்சி பழித்துவிட்டாள் என்று அண்ணாவுக்கு வந்த ரோசம்! "இனி அவளோட எனக்குக் கதை இல்லை. ஏதும் எண்டா உன்னட்டச் சொல்லச் சொல்லு" என்று எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். அக்காவும் விடவில்லை. "அவர் போன் எடுக்கட்டும், நான் எடுக்கேன்." அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரன்.

வேலைக்கு ஆள் பிடித்ததும் நான்தான். எங்கள் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். பெயரைப் போடவில்லை. அவரும் இன்று பந்தியில் இருப்பார், இரண்டாம் தரம் பாயாசமும் கேட்டு வாங்குவார். அவர் தன்னோடு ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு பாஸைக் கூட்டி வந்தார். பாஸ் என்றால் கொழும்பில் கொத்தனாரையும் சொல்வோம், தச்சரையும் சொல்வோம். இவர் இரண்டும் தெரிந்தவர்.

மாசி மாதம், காற்று ஓய்ந்த நேரமாகப் பார்த்துத் தொடங்கினார்கள். ஓதச் சுவரின் மேல் பலகை அடித்தால் சீழுக்கு மேலே துணி கட்டினது மாதிரி என்று அக்கா சொல்லிவிட்டார். முதலில் பழைய பெயின்றை முழுதும் சுரண்ட வேண்டும், பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும், பிறகு மூன்று கிழமை வெயில் குடிக்க விட வேண்டும். பாஸ் சுரண்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன். வெங்காயம் மாதிரி உரிஞ்சுகிட்டே வருது. எத்தன கலருங்க இது?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். உள்ளங்கை அகலத்தில் படை படையாக நிறங்கள் தெரிந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போனார்.

"உந்த கிறீம் கடைசி. தாரமிழந்தவர், ரெண்டு பிள்ளை. அதுக்குக் கீழ பச்சை, வங்கிக்காரர். மஞ்சள், என்ஜினியர், தாய்க்காரி சுவரைத் தட்டித் தட்டிப் பாத்தவ. இது ரோஸ்… ஓம், அந்த மலேரியாக் கந்தோர்."

"இந்த நீலம்க்கா?"

"அது லண்டன். ஆள் வரேல்லை, படம் மட்டும்தான் வந்தது. அதுக்கும் அடிச்சவை."

பாஸ் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார். நான் சீமெந்து மூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சையும் மஞ்சளும் நீலமும் நான் என் கையால் அடித்தவை. நல்ல காசு வாங்கிக்கொண்டு ஒருவன் ஒரு பெண்ணை இப்படி அவமானப்படுத்தினால் அவனை என்னவென்று சொல்வோம்? நாங்கள் சொந்தச் செலவில் செய்தோம், பாசத்தோடு செய்தோம், பலகாரமும் சுட்டுச் செய்தோம்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார் அக்கா. "சுரண்டுங்கோ பாஸ். வடிவாச் சுரண்டுங்கோ. ஒரு பொட்டும் மிஞ்சக்குடாது." அன்று பின்னேரம் கீழே விழுந்த நிறப் பொருக்குகளைத் தானே கூட்டி அள்ளிக் குப்பை வண்டிக்குப் போட்டார். எனக்கு உதவிக்குப் போக முகம் இருக்கவில்லை.

சுவர் காய்ந்தது. பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெளி விட்டு, நல்ல மரச் சட்டங்கள் நிறுத்தினார்கள். கீழும் மேலும் காற்று வர, போக வழி. பூச்சி போகாமல் வலை. நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு முதற் பலகை. பிறகு கீழிருந்து மேலாக, மேற்பலகை கீழ்ப்பலகையின் தலையில் இரண்டு விரல் ஏற. ஆணி எல்லாம் போத்தலில் ஒரு வருடம் கிடந்தும் மினுக்கம் குறையாத அந்தச் சில்வர் வகை ஒன்றுதான். பெட்டி பெட்டியாக அக்காவே வாங்கி மச்சானின் கையில் கொடுத்திருந்தார்.

வேலை முடிந்தது என்று மச்சான் சொன்ன அன்று அக்கா பாடசாலைக் காலத்துக் காந்தத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அந்தச் சில்வர் ஆணியில் காந்தம் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். கை எட்டுகிற உயரம் வரைக்கும் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒட்டவில்லை. மச்சான் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா ஐந்தடி உயரம் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாரத்தில் கால் வைத்தார்.

"ஐயோ மச்சாள், விழுந்து கிடந்தா ஆர் பாக்கிறது? இறங்குங்கோ!" மச்சானின் சிரிப்பு போய்விட்டது.

இரண்டாம் தட்டில் நின்று காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டியது. அடுத்ததில் ஒட்டியது. அந்த வரிசை முழுக்க ஒட்டியது. அவர் தலைக்கு மேலே உள்ள அத்தனையும் பூச்சடித்த மலிவு இரும்பு. நல்ல ஆணிகளை மச்சான் வேறெங்கோ கொண்டுபோய் விட்டிருந்தார்.

"மச்சாள், மேல இருக்கிறது ஆருக்குத் தெரியப் போகுது? பெயின்ற் அடிச்சா எல்லாம் ஒண்டுதான்."

அக்கா மேலிருந்தபடியே அவரைப் பார்த்தார். கத்தவில்லை. "பெயின்ற் அடிச்சு அடிச்சுத்தான் நாங்கள் இஞ்ச வந்து நிக்கிறம். உங்களைப் பாக்க எனக்கு அரியண்டமா இருக்கு. சாமான்களை எடுத்துக்கொண்டு போங்கோ." பிறகு பாஸைப் பார்த்து, "உங்களுக்கும் தெரியுமோ இது?" என்று கேட்டார்.

பாஸ் தலையைச் சொறிந்தார். "தெரியும்க்கா. சொன்னேன், கேக்கல. சம்பளம் அவருதானே குடுக்கிறாரு. பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்கள் நில்லுங்கோ."

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. சொந்தத்தில் எத்தனை போன்! கள்ள ஆணி அடித்தவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பொம்பிளை சாரத்தில ஏறினதாம்", "கலியாணம் கட்டாததுகளுக்கு இப்பிடித்தான் குணம் மாறும்", "சொந்தக்காரனை வேலைகாரனுக்கு முன்னால அவமானப்படுத்தினதாம்." தூ! இவர்களில் பாதிப் பேர் இந்த மலரை வாங்கிப் படிப்பார்கள். படியுங்கள்.

பாஸ் தனியாக நின்று மேல் வரிசை ஆணி அத்தனையும் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, புதிதாகத் துளை போட்டு முடிக்கப் பன்னிரண்டு நாள் எடுத்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் வேலை முடிந்தது. அன்று அக்காவைச் சுவரோடு நிறுத்தி, பாஸ் தன் போனில் ஒரு படம் எடுத்தார்.

வைகாசியில் சோளகம் வந்தது. ஆவணி வரைக்கும் அடித்தது. ஒவ்வொரு நாளும் காலையில் அக்கா அறைக்குள் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துக் கொப்பியில் ஒரு சொல் எழுதுவார்: காய்ஞ்சது. அடுத்த நாள்: காய்ஞ்சது. அந்த வருடம் ஒரு நாள்கூட அவருக்கு முட்டு வரவில்லை. புரட்டாதி பிறந்ததும் கொப்பியை என் கையில் தந்தார். "தம்பி, அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பு. வேற ஒண்டும் சொல்லவேண்டாம். அவருக்கு ஞாபகம் இருக்கும்" என்றார். நான் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் அக்கா இருந்தார். உறுதி வரவில்லை. கேட்கவும் மாட்டார். தபால்காரன் மணி அடித்தால் மட்டும் எழும்பிப் போய்ப் பார்ப்பார். இந்த ஆடி மாதம் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து, பத்தாம் நாள் விடியப் போய்விட்டார். அண்ணாவுக்கு இருதயத்தில் சத்திர சிகிச்சை நடந்து ஒரு மாதம், விமானத்தில் ஏற விடவில்லை. கிரியை எல்லாம் போனில்தான் பார்த்தார். செத்தவீட்டில் பல பேர் என்னைத் தனியே இழுத்து, "கொண்ணன் கடைசி வரைக்கும் எழுதிக் குடுக்கேல்லைப் போல. வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போனா மனமும் கல்லாப் போயிடும்" என்றார்கள். நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம்.

வார்டில் அக்காவின் திட்டை வாங்கிக்கொண்டும் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும் வைத்தியருக்கும் நன்றி. அந்த அதிகாலையில் வாகனம் எடுத்து வந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாவுக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய அவரது மனைவிக்கும் நன்றி. வேலையை விட்டுவிட்டு ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்து பாடையின் ஒரு முனையைத் தோளில் தாங்கிய பாஸுக்கு நன்றி.

அண்ணாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த மலர் கனடாவுக்கும் போகும். அங்கே சோபாவில் சாய்ந்திருந்து அண்ணா இதை வாசிப்பார். அண்ணா, அந்தக் கொப்பிப் படங்கள் கிடைத்து இரண்டாம் கிழமையே நீங்கள் அற்றோணித் தத்துவம் எழுதி, உங்கள் சார்பில் நான் கையெழுத்து வைக்கலாம் என்று அதிகாரம் தந்து, எனக்குக் கூரியரில் அனுப்பினீர்கள். கூடவே குரல் செய்தி. "தம்பி, நொத்தாரிசிட்டப் போய் வீட்டைத் தங்கச்சியின்ர பேருக்கு எழுது. அவளுக்கு இப்ப சொல்லாதை. உறுதி கைக்கு வந்தாப் பிறகு குடு. குடுக்கேக்க அவளின்ர முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு."

அந்தக் கடித உறை கல்கிசையில் என் அலுமாரியில், உடுப்புகளுக்கு அடியில் இருக்கிறது. நான் நொத்தாரிசிடம் போகவில்லை. என் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். "கொழும்பில ஒரு வீடு காட்டினா நல்ல இடமா அமையும்" என்று தரகர் சொன்னார். "வெள்ளவத்தையில இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் பிறகு எப்படியும் என் மகளுக்குத்தானே வரும், அக்காவின் பெயருக்கு ஒரு தரம், மகளின் பெயருக்கு ஒரு தரம் என்று இரண்டு எழுத்து எதற்கு, ஒரேயடியாக எழுதலாம் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். நீங்கள் கேட்டபோது முடிந்துவிட்டது என்றேன். முகத்தைக் காட்டு என்றீர்கள். பலகை வேலை முடிந்த அன்று பாஸ் எடுத்த படத்தை அனுப்பினேன். "அவள் இப்பிடிச் சிரிச்சுக் கன காலம்" என்று அழுதுகொண்டு சொன்னீர்கள். இந்த மலரின் அட்டையில் போட்டிருப்பதும் அதே படம்தான். அவள் நன்றி சொல்லப் போன் எடுப்பாள் என்று நீங்கள் அங்கே இருந்தீர்கள். அண்ணா எழுதி அனுப்புவார் என்று அக்கா இங்கே இருந்தார். மச்சானையும் கடைக்காரனையும் சொந்தக்காரரையும் இவ்வளவு நேரம் நாக்கூசாமல் திட்டி எழுதிக்கொண்டு வந்தேனே, எல்லாம் இந்த இடத்துக்கு வரப் பயந்துதான்.

ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள், மூக்குக் குழாயைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அக்கா கேட்டார். "தம்பி, அண்ணா ஏதும் அனுப்பினவரோ?"

"இல்லை அக்கா" என்றேன்.

"சரி. சுகமில்லாத மனுசன், நீ கேட்டுக் கரைச்சல் குடாதை. சுவர் இந்த வருசமும் காய்ஞ்சுதான் கிடக்கு எண்டு மட்டும் சொல்லிவிடு."

அண்ணா, சுவர் இந்த வருடமும் காய்ந்துதான் கிடக்கிறது. அக்கா உங்களுக்குச் சொல்லச் சொன்னார். இதையும் நான் இன்றுதான் சொல்கிறேன்.